மூணாவது மூலை

"பதினொரு தபா திருடிக்கிறான் நைனா, ஒரு தபாகூட மாட்னதில்ல!"

அக்கா மகன் கோபாலின் பெருமையைக் கபாலி இப்படி ஆரம்பித்ததும், பெண்ணின் அம்மா தேசம்மா நீட்டிய காப்பித் தம்ளரைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். எதிரே பெண்ணின் அப்பா கங்காதரன் உட்கார்ந்திருந்தார்.

கபாலிக்கு இந்தச் சம்பந்தமே ஓர் அதிசயம். கங்காதரன் துறைமுகத்தில் மேஸ்திரி, மயிலாப்பூரில் சொந்த வீடு. அப்பேர்ப்பட்ட மனுஷர் தாமாகவே ஆள் அனுப்பிக் கோபாலைக் கேட்டிருக்கிறார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் காலை டிராமிலேயே ஓடி வந்திருந்தான்.

"திருட்டுப் பையனா?" என்றாள் தேசம்மா.

"சேச்சே! அடிக்கிறதுலயும் கெட்டிக்காரன்மா. நாப்பது தபா மட்டையைத் தூக்குனா பதினாறு தபா அடி உழும்."

"ஐயையோ, யாருக்கு?"

"அது இல்லம்மா... மூணாவதுதான் அவனுக்கு உசுரு. இந்த வருசம் பூரா மூணாவதை உட்டு நவுரலியே!"

"அப்போ எம் பொண்ணு நாலாவதா?"

தேசம்மா போட்ட கூச்சலில், உள்ளே கல்யாணப் பெண் ஜானுவின் வளையல் சத்தம்கூட நின்றுபோயிற்று.

கபாலி இரண்டு கைகளையும் ஆட்டினான். "ஐயோ, வெளையாட்டும்மா! பேஸ்பாலுன்னு அமெரிக்கா பாதிரியார் கத்துக்குடுத்தது. நாலு மூலை கீது. பந்து வர்றதுக்குள்ள அடுத்த மூலைக்கு ஓடிட்டா, அதுக்குப் பேருதான் திருட்டு. மூணாவது மூலையில நம்ம கோபாலு நின்னான்னா ஒரு பந்து தாண்டாது!"

"நல்லா கீது நாயம்! எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமகூட ஹார்பருக்குப் போயி, சங்கிலியில வெரலை ஒடிச்சிக்கினு ஒழைக்கிறாரு. உங்க புள்ள பந்து பொறுக்கிக்கினு கீறானா?"

கங்காதரன் தம் கோணல் விரல்களை மடக்கிக்கொண்டு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இப்பவும் ஆடறானா?"

அந்தக் குரல் கபாலிக்குக் கடுமையாகப் பட்டது. போச்சு, காரியம் கெட்டது! வாய் கூசாமல் புளுகினான்.

"உட்டுட்டான் நைனா! மட்டையை நேத்தே அடுப்புல வெச்சிட்டான். இனிமே பந்தைக் கையால தொட மாட்டான். கபாலீஸ்வரர் மேல சத்தியம்!"

தேசம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய்த் தாம்பூலத் தட்டோடு வந்தாள். கங்காதரனோ, "இந்த எடம் சரிப்படாது" என்று எழுந்து, கபாலியின் கையைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துப் போனார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி மேல சத்தியம் பண்ணிக் கெடுத்தியேய்யா! இந்த வெரல் ஒடஞ்சது சங்கிலியில இல்ல, பந்துல. ஹார்பர் டீமுக்கு நான்தான் கேப்டன். மூணாவது மூலைக்கு ஆளு இல்லாமதான்யா எம் பொண்ணையே குடுக்கத் துணிஞ்சேன்!"