மறுபடியும் உதைச்சுட்டான்

"மறுபடியும் உதைச்சுட்டான்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மின்னல்.

டிவியில் தேசிய ரக்பி அணி ஆடிக்கொண்டிருந்தது. அதை ஆட்டம் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். பந்து கைக்கு வந்ததோ இல்லையோ, எதிரணி பக்கம் ஓங்கி ஓர் உதை. அப்புறம் வரிசையாக நின்று தடுப்பு. பந்து திரும்பி வந்தால் திரும்பவும் உதை.

"கையில பிடிச்சுக்கிட்டு ஓடத்தானே ரக்பி? இவனுங்க சுடுற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி தூக்கிப் போடறானுங்களே," என்றார் மதில்.

மின்னல், மதில் எல்லாம் அந்தக் காலத்துத் தேசிய அணியில் கிடைத்த பட்டப்பெயர்கள். மின்னல் இப்போது மெத்தைக் கடை வைத்திருக்கிறார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இருந்தாலும் ஆட்டம் என்றால் கடையைப் பூட்டிக்கொண்டு இருவரும் தங்கள் பழைய கேப்டன் வீட்டு ஹாலுக்கு வந்துவிடுவார்கள். கேப்டன் தன் நாற்காலியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்திலேயே அவர் மனைவி.

ஆட்டம் முடிந்தது. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாயிற்று. ஹாலில் ஒருவரும் கைதட்டவில்லை.

"ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வருது," என்றார் மின்னல். "இத்தனைக்கும் கோச் யாரு? நம்ம குட்டி. நம்மகூட அந்த ஓட்டம் ஓடினவன்."

அவ்வளவுதான், மழை ஆட்டத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. வராமல் இருந்ததே இல்லை.

"கணுக்கால் முங்குற சேறு. எதிர்ல ஒவ்வொருத்தனும் பீரோ மாதிரி நிக்கறான். நம்ம கேப்டன் பந்தை அணைச்சுக்கிட்டு நேரா உள்ள போனார் பாரு..." மின்னல் எழுந்தே விட்டார். "ஒருத்தன் வந்து மோதினான், அசையல. ரெண்டு பேர் மோதினாங்க, விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓட்டம். அங்கேர்ந்து குட்டிக்கு, குட்டிகிட்டேர்ந்து எனக்கு. நான் கோட்டைத் தாண்டிப் பந்தோட விழுந்தப்ப மைதானமே எழுந்து நின்னுச்சு."

அந்தச் சத்தம் இப்போதும் அவர் காதில் கேட்டது. அப்படி ஒரு சந்தோஷம் வாழ்க்கையில் அப்புறம் வரவே இல்லை. கல்யாண நாள்கூட அதற்கு அடுத்தபடிதான்; இதை வீட்டில் மட்டும் சொன்னதில்லை.

கேப்டன் சிரித்தார்.

"எவ்வளவு அடக்கம் பாரு. தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசறாரா?" என்றார் மதில்.

மின்னல் விஷயத்துக்கு வந்தார். "ரக்பி சங்கத் தலைவர் இப்ப எனக்குப் போன் பண்ணுவார். குட்டியை வச்சுக்கலாமா, அனுப்பிடலாமான்னு பழைய ஆட்டக்காரங்களைக் கேட்டுக்கிட்டிருக்கார். என் பேச்சுதான் கடைசி. அனுப்பிடுங்கன்னு சொல்லப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க கேப்டன்?"

"சரி," என்றார் கேப்டன்.

"அப்புறம் என்ன, கேப்டனே சொல்லியாச்சு," என்றார் மதில்.

கேப்டனின் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனார். மேல் தட்டில் இருக்கும் சர்க்கரை டப்பாவை எடுத்துத் தரச் சொல்லி மின்னலைக் கூப்பிட்டார்.

மின்னல் எடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"அவர் சரின்னு சொன்னதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்றார்."

"புரியலையே அண்ணி."

"இன்னைக்கு யாரு வர்றாங்கன்னு காலையில கேட்டார். உங்க டீம்ல ஆடினவங்கன்னு சொன்னேன். 'நான் எந்த டீம்ல ஆடினேன்?'னு கேட்டார்."

மின்னல் ஹாலை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் காலத்துல தலையில வாங்கின அடியெல்லாம் சேர்ந்து இப்ப வேலையைக் காட்டுதுன்னு டாக்டர் சொல்றார். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஆனா தெரிஞ்சுட்டா நீங்க மழை ஆட்டத்தைப் பத்திப் பேசமாட்டீங்க. நீங்க பேசறப்பத்தான் அவர் சிரிக்கிறார்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"குட்டித் தம்பிக்குத் தெரியும். கோச் வேலை கிடைச்ச சந்தோஷத்துல இவர்கிட்ட சொல்ல ஓடி வந்துச்சு. இவர், 'நீங்க யாரு தம்பி?'ன்னு கேட்டுட்டார். இதோ இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுச்சு. 'பந்து கையில இருக்கிறவன் மேலதான் அண்ணி நாலு பேர் வந்து மோதறாங்க. என் பசங்க கையில அது தங்கவே விடமாட்டேன்'னு சொல்லிட்டுப் போச்சு."

"இதை வெளியில சொல்லலாமே. ஊரே அவனைக் கோழைன்னு திட்டுது."

"சொன்னா இவர் கதையும் வெளியே வருமே. அண்ணனைப் பார்த்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாதாம். அதுக்காக வாயே திறக்கல."

மின்னலின் சட்டைப்பையில் போன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். சங்கத் தலைவர்தான்.

"என்ன சார், என்ன முடிவு?"

"குட்டியே இருக்கட்டும் சார்."

"நீங்களா சொல்றீங்க?" தலைவரால் நம்ப முடியவில்லை. "நீங்கல்லாம் ஆடின மழை ஆட்டத்தை ஜனங்க இன்னைக்கும் பேசறாங்க. இப்படி உதைச்சு உதைச்சு ஆடினா, நாளைக்கு இந்தப் பசங்க ஆட்டம் யாருக்காவது ஞாபகம் இருக்குமா சார்?"

ஹாலில் மதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் அவரைப் பார்த்து, புதிதாக வந்த விருந்தாளியைப் பார்ப்பது போல மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு இல்லாட்டிப் போகுது சார்," என்றார் மின்னல். "ஆடின பசங்களுக்கு இருந்தா போதும்."