ஆர்மீனியன் கடைச் சம்பந்தம்

“பெடியன் எங்கை?”

கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டார் ஸ்ரீதரன்.

“உள்ளுக்குத்தான் நிக்கிறார், வருவார். பிளீஸ் மாமா, இங்கை நிண்டு கத்திப்போடாதேங்கோ,” என்றாள் அவருடைய தங்கையின் மகள் நிலக்சி.

அவருக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை நிலக்சி போன் எடுத்து, “மாமா, எங்கடை வீட்டிலை ஒரு கலியாணம். ஆள் ஆர்மீனியன். சனிக்கிழமை அவையின்ர கடைக்கு வாங்கோ, நேரிலை கதைப்பம்,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மனிதருக்குச் சரியான நித்திரை இல்லை. அஜக்ஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து காரில் வந்த வழியெல்லாம் ‘ஏலாது’ என்ற ஒரு சொல்லைத்தான் விதம் விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். அடுப்பிலிருந்து துணி மாதிரி விரிந்து வந்த ரொட்டிகளைச் சனம் சூட்டோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், வெந்தயமும் மிளகாயும் பூசிக் காயவைத்த மாட்டிறைச்சி. ஸ்ரீதரன் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கம் மெழுகுதிரி மாதிரி ஏதோ வரிசையாகத் தொங்கியது.

“உதென்ன கோதாரி?”

நிலக்சி தோளைக் குலுக்கினாள். “எனக்குத் தெரியாது மாமா.”

“ரோஜிக் எண்டு சொல்லுவினம் அண்ணை. வால்நட்டை நூலிலை கோத்து, திராட்சைப் பாகிலை தோய்ச்சுக் காயவிடுறது,” என்றாள் பக்கத்தில் நின்ற யோகராணி. “நல்ல இனிப்பு. என்ர சீனி வருத்தத்துக்குத்தான் ஆகாது.”

யோகராணி அவருடைய ஒரே தங்கை. ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் கணவர் வேலைத்தளத்தில் மாரடைப்பு வந்து இறந்தபோது நிலக்சிக்குப் பதினாறு வயது. “இனி உங்கள் ரெண்டு பேரையும் நான் பாக்கிறன்” என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதை ஸ்ரீதரன் ஒருநாளும் மீறியதில்லை. அதற்குக் கடைசியில் இப்படி ஒரு இடத்திலா கொண்டுவந்து நிறுத்துவார்கள்?

அவர் கார்ச் சாவியை விரலில் சுழற்றினார். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து, முழங்கை வரை மாவோடு, வெள்ளை மீசைக்காரர் ஒருவர் வந்தார். வயது அறுபதை எட்டிப் பிடிக்கும்.

“நீங்கள்தான் தகப்பனோ?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஸ்ரீதரன்.

“ஓம், ரெண்டு மகன்மார். மனைவி இறந்து ஏழு வருசம்,” என்று அவரும் ஆங்கிலத்தில் சொன்னார். “என்ர பேர் ஹாகோப்.”

மூலையில் இருந்த சின்ன மேசைக்கு அவர்களைக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கோப்பைகளில் தேநீர் வந்தது. மூன்றுக்குச் சீனி போட்டுக் கலக்கிவிட்டு, நாலாவதை அப்படியே யோகராணியின் பக்கம் நகர்த்தினார்.

“ஏலாது எண்டு சொல்லத்தான் வந்திருக்கிறீங்கள். முகத்திலை தெரியுது,” என்றார் ஹாகோப். “பரவாயில்லை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ.”

ஸ்ரீதரன் தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

“எங்கடை சனம் கதைக்கும்,” என்றார்.

“என்ர சனம் கதைக்கத் தொடங்கி ரெண்டு மாசம். சனிக்கிழமை தவறாமல் இங்கை ரொட்டி வாங்க வாற என்ர தங்கச்சி, இப்ப வேறை கடைக்குப் போறாள். போன் அடிச்சாலும் எடுக்கிறாள் இல்லை.”

“கவலை இல்லையோ?”

“இருக்கு. அதுக்காகக் குடுத்த வாக்கை மாத்தேலாது.”

கடைக் கதவு திறந்தது. பேச்சை விட்டுவிட்டு ஹாகோப் வாசலைப் பார்த்தார். உள்ளே வந்தது வேறு யாரோ. கண்ணை எடுத்துக்கொண்டு, மேசையில் சிந்தியிருந்த சீனியை விரலால் ஒதுக்கினார்.

ஸ்ரீதரன் தன் தங்கையைப் பார்த்தார். யோகராணி தான் போட்டிருந்த கோட்டின் விளிம்பை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தாள். இந்த ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ‘ஏலாது’ என்றால் பேசாமல் எழும்பி, பின்னால் வந்து காரில் ஏறுவாள். பிறகு அவருடைய வீட்டுக்கு வருவாளா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஸ்ரீதரன் சாவியைப் பொக்கற்றில் போட்டுவிட்டு எழுந்து கையை நீட்டினார்.

“எனக்குச் சம்மதம். ஆம்பிளை இல்லாத வீடு இது. கண்கலங்க விடக்கூடாது.”

ஹாகோப் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “விடமாட்டன்,” என்றார்.

பெரிய மனிதர், மகனுக்காக வாக்குக் கொடுக்கிறார் என்று ஸ்ரீதரனுக்கு மனம் நிறைந்துபோயிற்று. பிடித்த கையை விடாமலே தங்கையிடம் திரும்பினார்.

“பிறகென்ன, யோகராணி, மாப்பிள்ளையை வரச் சொல்லு! நிலக்சிக்குப் பக்கத்திலை நிப்பாட்டிப் பாப்பம்.”

நிலக்சி வாயைப் பொத்திக்கொண்டாள். யோகராணி முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“நீங்கள் கை பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர்தான் மாப்பிள்ளை. பொம்பிளை நான், அண்ணை.”