வந்தேறி மரம்

"ஆன்ட்டி, இன்னைக்கு நீங்க வாயைத் திறந்தாதான் இந்த மரம் பிழைக்கும்" என்று சொல்லித் தேநீர்க் கோப்பையை நீட்டினாள் டாஃப்னி.

மைமூனா கோப்பையை வாங்கிக்கொண்டார். பூங்காவின் நடுவே குடை விரித்தாற்போல நின்ற பைன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப் டவுன் பூங்காத் துறைக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சாதி; நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது; மலையில் தீப்பிடித்தால் முதலில் எரிவது இதுதான். இதை வெட்டிவிட்டு இந்த மண்ணின் சொந்தச் செடிகளை வளர்க்கப் போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பூங்காவைச் சுற்றியிருந்த பங்களாக்காரர்கள் கொதித்துப் போனார்கள். மரத்துக்கு மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள், பாட்டுகூடப் பாடினார்கள். ஆனால், பணக்காரர்கள் நாயோடு நடக்கிற நிழலுக்காகக் குழாயில் தண்ணீர் வராத ஜனங்கள் தவிக்க வேண்டுமா என்று பத்திரிகையில் யாரோ கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பாட்டு நின்றுவிட்டது. பங்களாவில் குடியிருக்காத ஒருவர், போராட்டத்தை முன்னின்று நடத்திய டாஃப்னிக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்.

மைமூனாவைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா? நகரத்துக்கு வெளியே மணல்வெளிக் குடியிருப்பிலிருந்து ஞாயிறுதோறும் வேன் மாறி வேன் ஏறி வருவார். தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்காருவார். உதிர்ந்த காய்களைக் கல்லால் தட்டிப் பருப்பு எடுப்பார். அதைச் சர்க்கரைப் பாகில் போட்டு மிட்டாய் செய்து தெருப் பிள்ளைகளுக்கு விற்பார். வருகிற வழியெல்லாம் பைன் மரம் இருக்க, இங்கே எதற்கு இத்தனை தூரம் என்று டாஃப்னி ஒருமுறை கேட்டாள். "இந்த இடந்தான் எனக்குப் பழக்கம், மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த காயைத் தட்டினார். பேச்சு அதோடு முடிந்தது.

டாஃப்னி கெட்டவள் இல்லை. மரத்தின் மேல் அவளுக்கு உண்மையான பாசம். மூன்று வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து இந்தப் பகுதிக்குக் குடிவந்தபோது அது அவள் உயரந்தான் இருந்ததாம். கூடவே வளர்ந்த மரம். வெட்டப் போகிறார்கள் என்றதும் இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கூட்டம் அந்த மரத்தடியிலேயே நடந்தது. பூங்காத் துறையிலிருந்து லுவாசி என்ற இளம் தாவர ஆய்வாளர் வந்திருந்தார். பூங்காவில் புழங்குகிறவர்களின் வார்த்தையைக் கேட்டுத்தான் முடிவு என்று சொன்னார். அதைக் கேட்டதும் டாஃப்னிக்கு உயிர் வந்தது. எழுந்து, மரத்தைக் காட்டிப் பேசினாள்.

"அம்பது வருஷம் ஒரே இடத்துல வேர் விட்டு நிக்குது. இதைப் போய் அந்நியம்னு சொல்ல யாருக்குங்க உரிமை இருக்கு? சொந்த இடத்தைவிட்டுப் பிடுங்கி எறியறது எவ்வளவு பெரிய கொடுமை."

கைதட்டல் எழுந்தது. மைமூனா தட்டவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

லுவாசி பொறுமைசாலி. கைதட்டல் அடங்கிய பிறகு அவர் மைமூனா பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த மரத்தடியில அதிகமா புழங்குறது நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க பிழைப்பும் இதுல இருக்கு. நீங்க வேண்டாம்னா நான் கோடாலியைத் தொடமாட்டேன்."

எல்லாத் தலைகளும் மைமூனா பக்கம் திரும்பின. டாஃப்னி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

மைமூனா மெல்ல எழுந்து நின்றார். "ஒரு சந்தேகம், தம்பி. இதை வெட்டிட்டா, முன்னாடி இருந்தது நிஜமாவே திரும்பி வருமா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல லுவாசியின் முகம் மலர்ந்தது. மலையின் மறுபக்கத்தில் பைன் காட்டை எடுத்த இடத்தில் தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். யாரும் விதைக்கவில்லை, யாரும் நீரூற்றவில்லை. ஆனாலும் அடுத்த மழைக்காலத்தில் பழைய செடிகள் தாமாக முளைத்து வந்தனவாம்.

"விதை அடியில அப்படியே கிடக்கும்மா. எத்தனை வருஷம் மூடி வச்சாலும் சாகாது. அதோட இடத்தை அது விடாது. மேல நிக்கறதை எடுத்தாப் போதும், எழுந்து வந்துடும்."

"யாரும் அதைத் தடுக்க மாட்டாங்களா?"

"தடுக்கக் கூடாதும்மா. முதல்ல இருந்ததுக்குத்தானே முதல் உரிமை."

மைமூனா தலையை ஆட்டினார். கேட்டது நியாயமாகப் பட்டதுபோல இருந்தது அவர் முகம். ஆன்ட்டி, மிட்டாய்க்கு என்ன பண்ணுவீங்க என்று டாஃப்னி மெதுவாக நினைவூட்டிப் பார்த்தாள்.

மைமூனா அவள் கையை விலக்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். குழந்தையைத் தடவுவதுபோல அதன் பட்டையை ஒருமுறை தடவினார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நிழல் கொடுத்த மரம். அவருக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

"வெட்டுங்க, தம்பி" என்றார்.

டாஃப்னி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். லுவாசிக்கே வியப்பு. "ரொம்ப நன்றிம்மா. அடுத்த வருஷம் வந்து பாருங்க, பைனுக்கு முன்னாடி இங்க இருந்த பூவெல்லாம் பூத்துக் கிடக்கும்."

"பைனுக்கு முன்னாடி இங்க இருந்தது எங்க வீட்டு அடுப்படி, தம்பி" என்றார் மைமூனா. "இந்த இடம் இனிமே வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு சட்டம் போட்டு, எங்க தெருவையே லாரியில ஏத்தி மணல்ல கொண்டுபோய் இறக்கிட்டு, வீட்டை இடிச்சு அதுமேல இதை நட்டாங்க; முதல்ல இருந்ததுக்குத்தான் முதல் உரிமைன்னா, நாங்க எப்ப வரட்டும்?"