சணல் விதையும் நாத்தனாரும்

"விதை டப்பாவைக் காணோம்! அண்ணி, நீங்கதானே எடுத்தீங்க?"

கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்து நின்றாள் தையற்காரி. பால்கனி ஓரமாக நாற்காலி போட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த டப்பா?"

"சணல் விதை டப்பா. நேத்து முக்கால்வாசி இருந்தது."

"ஓ, அதுவா? புறாவுக்குப் போட்டுட்டேன். பாவம், அதுவும் வாயும் வயிறும் உள்ள ஜீவன்தானே?"

வெளியே கம்பியின் மேல் நாலைந்து புறாக்கள் விருந்து முடித்த களைப்பில் கண்ணைச் சொருகிக்கொண்டிருந்தன.

"மத்தியானம் ஸ்கேன் அண்ணி! அவர் ஈரல்ல இருக்கிற கொழுப்பு குறைஞ்சே ஆகணும். இல்லேன்னா மூணு மாசமா பட்ட பாடெல்லாம் வீண். தெரிஞ்சும் இப்படிப் பண்றீங்களே!"

"தெரிஞ்சுதான் பண்றேன். என் தம்பி, நான் பண்ணுவேன்."

தையற்காரி மட்டும் லேசுப்பட்டவளா? விறுவிறுவென்று போய்த் தையல் மெஷின் டிராயரை இழுத்தாள். பாபினுக்கும் நூல்கண்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி! ஊசி டிராயர்லயா ஒளிச்சு வச்சிருக்கே?"

இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையைத் துவட்டியபடி வந்தான் அவள் வீட்டுக்காரன். பேக்கரியில் அவன்தான் மாஸ்டர். விடியற்காலையிலிருந்து வெண்ணெய் வாசனையில் நின்று வேகிறவனுக்கு நாக்கைக் கட்டுவதென்றால் சும்மாவா? முன்பெல்லாம் உடைந்த கேக்கு, ஓரம் கருகிய பிஸ்கட்டு எல்லாம் அவன் வயிற்றுக்குத்தான் போகும். சட்டைப் பொத்தான்கள் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் உட்காரவைத்துச் சொன்னாள்: பொரித்ததும் இனிப்பும் கூடாது, வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், சாப்பாட்டில் சணல் விதையைத் தூவிக்கொண்டால் சீக்கிரம் பசிக்காது. அவ்வளவுதான். அன்றிலிருந்து தயிரில் விதை, சூப்பில் விதை, வேகவைத்த காய்கறியில் விதை. தோல் நீக்கிய அந்த வெளிர்பச்சைப் பருக்கைகள் மெத்தென்று, வேர்க்கடலை மாதிரி ருசிக்கவே, அவனுக்கும் பிடித்துப்போயிற்று. கடையில் ரொட்டி மாவிலும் அள்ளிப் போட்டான். 'அந்த விதை ரொட்டி இருக்கா?' என்று ஜனங்கள் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். தையற்காரி அவன் பேண்ட் இடுப்பை இரண்டு தடவை பிடித்தாயிற்று.

அவன் தயிர்க் கிண்ணத்தை எடுத்தபோது அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு பையன் பெட்டியை நீட்டினான். திறந்தால், கிரீம் வழியும் சாக்லேட் கேக்!

"நான்தான் போன் பண்ணி வரவழைச்சேன்" என்றாள் அக்கா. "கன்னம் ஒட்டிக் கிடக்கே, பார்க்கச் சகிக்கலை. ஒரே ஒரு துண்டு சாப்பிடுடா தம்பி."

"ஐயோ அக்கா, இது எதிர்க்கடை கேக்கு! துரோகம் பண்ணிட்டியே!"

"விளையாடாதே. வாயைத் திற."

அவன் வாய் திறக்கும் போலத்தான் இருந்தது. தையற்காரி பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினாள்.

"இந்தக் கேக்கும் புறாவுக்குத்தான்! கிளம்புங்க ரெண்டு பேரும். அண்ணி, நீங்களும்தான். உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா எனக்கு நிம்மதி கிடையாது."

"ராட்சசி" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள் நாத்தனார்.

மத்தியானம் ஸ்கேன் முடிந்து மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தொடை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. தையற்காரி புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாத்தனார் மட்டும் கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா சிரித்த முகமாக வந்தார்.

"என்ன மாஸ்டர், என்ன மாயம் பண்ணீங்க? கொழுப்பு இருந்த சுவடே தெரியலை!"

"ஹேய்!" என்று அவன் எம்பிக் குதித்த குதியில் தூரத்தில் ஒரு நர்ஸ் விரலை உதட்டில் வைத்தாள். தையற்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எல்லாம் அந்த விதைதான் டாக்டர்!"

"விதை, நடை, உங்க கண்டிப்பு, மூணும்தான்" என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "கடவுளுக்குக் கண்ணே இல்லையா? இவ்வளவு வேண்டியும் இப்படிப் பண்ணிட்டானே!"

தையற்காரி வெடுக்கென்று திரும்பினாள். "நல்ல நாளும் அதுவுமா இப்படியா பேசுவீங்க அண்ணி?"

டாக்டரம்மா நாத்தனாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே நீங்க எந்தச் சாக்கும் சொல்ல முடியாதும்மா. உங்க ஈரல் ரொம்ப நாள் தாங்காது. தம்பியோடது இப்போ சுத்தமா இருக்கு. அதுல ஒரு பங்கை எடுத்து உங்களுக்கு வைக்கத் தேதி குறிச்சிடலாமா?"

நாத்தனார் தையற்காரியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "வேண்டாம்மா, எனக்காக அவன் வயித்தை அறுக்க வேண்டாம். அவனுக்கு ஒண்ணுன்னா உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தையற்காரி தன் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரோட சண்டை போடுறதாம்?"