அழாத பிள்ளை

படுக்கையறைக் கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தாள் அம்மாக்காரி. வேலை முடிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல் உள்ளே வந்த கணவன், மெல்லக் கேட்டான்.

"அழுதாளா?"

"இல்ல."

பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான் அவன். மகள் வீட்டுக்கு வந்த இந்த மூன்று மாதத்தில் இருவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்விட்டது. டாக்டர் சொன்னது பலிக்க வேண்டுமே என்ற ஒரே கவலைதான், சோறுகூட இறங்கவில்லை.

கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேரத்துக்கு நேரம் நீங்களே போய்த் தூக்குங்கள், நெஞ்சோடு அணைத்து ஆட்டுங்கள் என்றிருந்தார் டாக்டர். தூக்கித் தூக்கி அம்மாக்காரிக்கு இடுப்பே விட்டுப்போனது.

மாடி வீட்டுக்காரிக்கோ பொறாமை. அவள் பிள்ளை ஊரைக் கூட்டுகிற ரகம். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. உன் வீட்டுல அழாமலே கிடைக்குது. குடுத்து வச்சவ நீ" என்று தொட்டிலை எட்டிப் பார்ப்பாள். மகள் முழித்துக்கொண்டுதான் கிடப்பாள். நாலு பல் முளைத்த அந்த வாய் மட்டும் திறக்காது.

மறுநாள் மதியம் அலுப்பு தாங்காமல் சோபாவிலேயே கண்ணசந்துவிட்டாள் அம்மாக்காரி. பால் நேரமும் தாண்டிப்போனது. எங்கோ பிள்ளை வீறிடும் சத்தம். மாடி வீட்டுப் பிள்ளைதானே என்று திரும்பிப் படுத்தாள்.

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

விழுந்தடித்து ஓடினாள். தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றபடி, முகமெல்லாம் சிவக்க மகள் கதறிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்து ஆட்ட, விம்மல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அம்மாக்காரிக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரி பதறிப்போய் இறங்கி வந்தாள். "என்னம்மா, விழுந்துட்டாளா? நீ ஏன் அழற?"

"விழலக்கா. இவளை நாங்க எடுத்துட்டு வந்த இல்லத்துல, அத்தனை தொட்டிலுக்கும் ஒரே ஆயா. அழுது அழுது பாத்து, யாரும் வரலேன்னதும் அழறதையே விட்டுட்டா."

"அப்ப இன்னிக்கு?"

"கூப்பிட்டா வருவாங்கன்னு நம்பிட்டாக்கா."