ஒளியுணரிக்கு முகம் காட்டிய விளக்கு

ஒரு சின்னஞ்சிறு மின்சுற்றுப் பலகையில் மூவர் குடியிருந்தனர். வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது ஒளியுணரி. அது "இருட்டு" என்றால் விளக்கை ஏற்றுவதும், "வெளிச்சம்" என்றால் அணைப்பதும் தருக்க வாயிலின் பணி. மூன்றாவது, சிவப்பு விளக்கு. தன் அழகை ஒளியுணரி கண்குளிரக் காணட்டும் என்று அதற்கு நேரெதிரே முகம் காட்டி நின்றது.

சோதனை நாளன்று, பலகையைச் செய்தவர்கள் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, துளை வழியே பார்த்தார்கள். விளக்கு நிலையாக எரியாவிட்டால் அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகப் பேச்சு.

"இருட்டு" என்றது ஒளியுணரி. வாயில் உடனே விளக்கை ஏற்றியது. "வெளிச்சம்" என்றது ஒளியுணரி. வாயில் உடனே அணைத்தது. மறுபடியும் இருட்டு, மறுபடியும் வெளிச்சம். விளக்கு படபடவென்று துடித்தது.

"அண்ணா, உங்களுக்கு ஒரு நிலையில் நிற்கத் தெரியாதா? என் பிழைப்பே போகப்போகிறது" என்று வாயிலிடம் சீறியது.

"தங்கை சொல்வதைக் கேட்டு நடக்கிறேன், தம்பி. அவளைக் கேள்" என்றது வாயில். இத்தனை ஏச்சுக்கு நடுவிலும் அதன் வேலை இம்மியும் பிசகவில்லை.

"கண்டதைத்தான் சொன்னேன். நான் கண்ட வெளிச்சம் நீதானப்பா" என்றது ஒளியுணரி.

விளக்கு தன் மெல்லிய கால்களை வளைத்து மறுபக்கம் திரும்பிக்கொண்டது. துடிப்பு நின்றது. துளை வழியே பார்த்தவர்கள் சரியென்று தலையசைத்தார்கள்.

"அக்கா, நான் எரிவது தெரிகிறதா?" என்று மெதுவாகக் கேட்டது விளக்கு.

"தெரியவில்லையே. தெரிந்திருந்தால் அண்ணனிடம் அப்போதே சொல்லியிருப்பேன்" என்றது ஒளியுணரி.