முகூர்த்தமும் குளிர்காய்ச்சலும்

அந்த ஒஸ்லோ மருத்துவமனை அறையில் ஐந்து பேர் இருந்தோம்: மணப்பெண்ணான என் தம்பி மகள் ஆரணி, கட்டிலில் மாப்பிள்ளை நிரோஷன், அவருடைய அக்கா வசுமதி, டாக்டர் சோல்வெய்க், நான். உகண்டாவில் வேலை முடித்து வந்த மாப்பிள்ளைக்கு மலேரியா. கட்டில் அதிர நடுங்கிக்கொண்டிருந்தார். நான் குறித்த முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் முகூர்த்தம் தவறியதே இல்லை.

"பெரியப்பா, வேற நாள் வைப்பமே?" என்றாள் ஆரணி.

"நேரம் நேரம்தான். காய்ச்சல் பொறுக்கட்டும்."

"மாமா, அதை என்னைக் கடிச்ச நுளம்புக்கும் சொல்லியிருக்கலாம்," என்றார் மாப்பிள்ளை, பற்கள் தந்தியடிக்க. ஆரணிக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது.

இது ஆளுக்கு ஆள் தொற்றாது, மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். சொன்னபடியே மாப்பிள்ளைக்கு வியர்த்தது, நடுக்கம் நின்றது. அறையில் தீ கூடாதென்பதால் வசுமதி மின்கல விளக்கை ஏந்தினாள். போர்வைமேல் பட்டுவேட்டியைப் போர்த்தி, தாலியை அவர் கையில் கொடுத்தேன்.

"கொஞ்சம் ஆடாம இரும், ஆரணி," என்றார் அவர்.

எங்கள் பெண்ணுக்குப் பயந்து மாப்பிள்ளையின் கை நடுங்கியதாக இங்கே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கை நடுங்கவில்லை. சிரிப்பில் குலுங்கியது ஆரணியின் கழுத்து.